1880களின் மார்ட்டின் கிதார்: கழுத்தைக் கழற்றலாமா?

ரோஸ்வுட் ரசிகன்:
என்னிடம் உள்ள கிதார் அமெரிக்காவின் மார்ட்டின் பட்டறையில் 1880களில் செய்யப்பட்டது. ஸ்ப்ரூஸ் மர மேற்பலகையில் ஒரு விரிசல் இல்லை. ஒலித்துளையைச் சுற்றிய வளையத்தில் ஒரு துணுக்குகூட உதிரவில்லை. ஆனால் கழுத்து முன்னால் சாய்ந்துவிட்டதால் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) தந்திகள் மிக உயர்ந்து நிற்கின்றன. கழுத்தைக் கழற்றிக் கோணம் திருத்தலாம், பழைய பூச்சையும் சுரண்டிப் புதிதாக அடிக்கலாம் என்கிறார் பழுதுபார்ப்பவர். பூச்சில் கைவைக்க விடமாட்டேன். கழுத்தை என்ன செய்வது?

உளிமுனை:
தாராளமாகக் கழற்றுங்கள். கழுத்தும் உடலும் சேரும் இணைப்பை வஜ்ஜிரத்தால், அதாவது விலங்குத் தோல் பசையால், ஒட்டியிருக்கிறார்கள். சூடும் ஈரமும் பட்டால் இளகும், மறுபடி ஒட்டினால் முன்போலவே பிடிக்கும். என்றாவது ஒருவர் பிரித்துப் பழுதுபார்ப்பார் என்ற நினைப்போடு செய்யப்பட்ட வேலை அது. வாசிக்க முடியாத கிதாரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பழம்பெட்டி:
கடுமையாக மறுக்கிறேன். மார்ட்டின் கிதார்களுக்கு வரிசை எண் வந்ததே 1898இல்தான். பட்டறை பென்சில்வேனியாவின் நாசரேத்துக்குப் போய் அரை நூற்றாண்டு கடந்தும் அதே 1898 வரை ‘நியூயார்க்’ என்றே முத்திரை குத்தினார்கள். ஆகவே எண் இல்லாத கிதாரின் வயதை உளித்தடத்தையும் பசைக்கோட்டையும் உள்சட்டங்களின் வடிவத்தையும் பார்த்துத்தான் கணிக்க வேண்டும். கழுத்தை உடலில் கோத்திருக்கும் புறாவால் வடிவ டவ்டெயில் இணைப்புக்குள் பென்சில் குறி ஏதாவது இருந்தால், பசையை இளக்க விடும் நீராவியில் அதுவும் அழிந்துபோகலாம். கோணத்துக்காகச் சீவிய மரம் திரும்ப வராது.

உளிமுனை:
ஐயா, சீவுவது கழுத்தின் அடியில் ஒரு மெல்லிய இழை. அதற்காக அந்த மேற்பலகையை ஊமையாக்க வேண்டுமா? 1840களிலிருந்து மார்ட்டின் பட்டறை மெருகேற்றிய குறுக்குச் சட்ட அமைப்பு அதன் கீழே இருக்கிறது. எக்ஸ் வடிவில் இரண்டு சட்டங்கள் ஒலித்துளைக்கும், தந்திகளைப் பலகையில் பிடித்திருக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் ஒன்றையொன்று கடக்கின்றன. பலகை மெல்லியதாகவே இருந்து அதிரவும் வேண்டும், இழுவையில் வளையவும் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துச் சாதித்ததுதான் அந்தக் கைத்திறன். கிதாரைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டிவிட்டு வெளியே நின்று பார்ப்பவருக்கு இதில் எதுவும் தெரியாது.

பழம்பெட்டி:
கண்ணுக்குத் தெரியும் கைத்திறன் இல்லையா? தலைப்பகுதிக்குப் பின்னால் விரலால் தடவிப் பாருங்கள். தலை தனி மரம், கழுத்து தனி மரம். ஆப்புபோலச் செருகிய இடத்தில் வைர வடிவில் ஒரு மேடு எழுந்து நிற்கும். பின்னாளில் ஒரே மரத்தில் கழுத்து செய்தபோதும் விலை உயர்ந்த வகைகளில் அந்த வைரத்தை அழகுக்காகச் செதுக்கினார்கள். உங்களுடையதில் அது உண்மையான இணைப்பு. எந்த வேலை செய்தாலும் அந்த இடத்துக்குச் சூடு போகக் கூடாது. அரக்குப் பூச்சு நீராவி பட்டால் வெளுத்துப்போகும்.

மெல்லிழை:
எல்லோரும் கழுத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். இப்போது என்ன தந்தி கட்டியிருக்கிறது?

ரோஸ்வுட் ரசிகன்:
உலோகத் தந்தி. வாங்கும்போதே இருந்தது.

மெல்லிழை:
உடனே தளர்த்துங்கள்! விலங்குக் குடலில் திரித்த தந்திக்காகச் செய்த கிதார் அது. மார்ட்டின் உலோகத் தந்திக்கென்றே கிதார்களை வலுப்படுத்தத் தொடங்கியது 1922 வாக்கில். மெல்லிய உலோகத் தந்திகளே சேர்ந்து சுமார் 70 கிலோ இழுக்கும். நைலான் தந்தி 40 கிலோ அளவில் நிற்கும். பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் பிரிட்ஜ் கிளம்பத் தொடங்கிவிட்டது.

உளிமுனை:
இதில் எனக்கும் உடன்பாடே. முதலில் தந்தியை மாற்றுங்கள். ஆனால் கழுத்து தானாக நிமிராது, கழற்றத்தான் வேண்டியிருக்கும் என்பதில் நான் மாறவில்லை.

பழம்பெட்டி:
குறைந்த இழுவையில் சில மாதம் விட்டு, ஈரப்பதத்தை 45 முதல் 55 சதவீதத்துக்குள் வைத்து, தந்தி உயரத்தை மறுபடி அளந்து பாருங்கள். அதன் பிறகும் வாசிக்க முடியாவிட்டால், உட்புறம் முழுவதையும் படம் எடுத்த பின்பு, வஜ்ஜிரத்தை மட்டுமே பயன்படுத்துபவரிடம் கொடுங்கள். பூச்சைச் சுரண்டலாம் என்று சொன்னவரிடம் மட்டும் வேண்டாம்.