வெனிஸா, ரிமினியா? நாளை இரவுக்குள் முடிவெடுக்க வேண்டும்

இசார்க்கரையான்:
வணக்கம். மியூனிக்கில் இருக்கிறேன். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார், ஜூன் கடைசியில் திரும்புகிறார். அதற்கு முன், பிள்ளைகளின் பெந்தெகொஸ்தே விடுமுறையில் (2025 ஜூன் 10 முதல் 20) நான்கு இரவு இத்தாலி போகலாம் என்று கிளம்பினோம். அங்கேதான் சிக்கல்.

13 வயது மகளுக்கு வெனிஸ்தான் வேண்டும். 8 வயது மகனுக்கு மணலும் கடலும் இருந்தால் போதும். அம்மாவுக்கு 67 வயது, இரண்டு முழங்காலும் தகராறு. சமதரையில் மெதுவாக ஒரு கிலோமீட்டர் நடப்பார். படியைக் கண்டால் முகம் மாறிவிடும். சுத்த சைவம், முட்டையும் கிடையாது.

கடற்கரை ஊரான ரிமினியில் நான்கு இரவுக்கு ஐந்து பேருக்கும் காலை, இரவுச் சாப்பாட்டோடு 620 யூரோவுக்கு விடுதி கிடைத்தது. பதிவு செய்துவிட்டேன். வெனிஸ் நகருக்குள் அதே நான்கு இரவு, சாப்பாடு இல்லாமலேயே 1,100-க்கு மேல். அதனால் ரிமினியில் தங்கி, ஒருநாள் மட்டும் காலையில் வெனிஸ் போய் இரவில் திரும்பலாம் என்று திட்டம். சரிவருமா? நாளை இரவு 12 மணிக்குள் ரத்து செய்தால்தான் பணம் திரும்பும். ரயில் டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.

கால்வாய்க் கிறுக்கன்:
சரிவராது தம்பி. வரைபடத்தில் பக்கத்தில்தான் தெரியும். ஆனால் ரயில் போலோன்யா வரை போய், அங்கே மாறி, திரும்ப மேலே ஏற வேண்டும். ஒரு வழிக்கே மூன்று மணி நேரம் ஆகும். போலோன்யாவில் அதிவேக ரயிலுக்கான நடைமேடைகள் பூமிக்கடியில் இருக்கின்றன. லிஃப்ட் உண்டு, ஆனாலும் அங்கிருந்து இங்கே வர பத்து நிமிடம் தாராளமாக வேண்டும், அம்மாவோடு என்றால் இன்னும் கூட. தஞ்சாவூரில் தங்கி மதுரையைப் பார்த்துவிட்டு ராத்திரியே திரும்புவது மாதிரி. போகலாம். அடுத்த நாள் ஒருவரும் எழுந்திருக்க மாட்டீர்கள்.

இன்னொன்று. இந்த 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-க்கும் ஜூலை 27-க்கும் நடுவே 54 நாட்களுக்கு, பகலில் மட்டும் வந்துபோகிறவர்களிடம் வெனிஸ் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. உங்கள் விடுமுறை நாட்களில் அது வெள்ளி, சனி, ஞாயிறு, காலை 8.30 முதல் மாலை 4 வரை. முன்கூட்டிக் கட்டினால் தலைக்கு 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. பதினான்கு வயது நிரம்பாத உங்கள் பிள்ளைகளுக்கு இல்லை. வெனிஸ் நகராட்சி எல்லைக்குள் இரவு தங்குபவர்களுக்கும் இல்லை, ஆனால் அவர்கள் இணையத்தில் விலக்குக்குப் பதிந்து கியூஆர் கோடு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

பியாதினா ரசிகை:
எல்லாரும் ரிமினியை ஏதோ மலிவுச் சரக்கு மாதிரிப் பேசுகிறீர்கள்! கி.மு. 27-ல் எழுப்பிய அகஸ்டஸ் வளைவு அங்கே நிற்கிறது. கி.பி. 21-ல் கட்டி முடித்த திபேரியஸ் பாலத்தின்மேல் இன்றும் நடக்கலாம். திரைப்பட இயக்குநர் ஃபெல்லினி பிறந்த ஊர். ஒரு மணி நேர ரயிலில் ரவென்னா. அங்கே 5, 6-ஆம் நூற்றாண்டு மொசைக் கூரைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம், ஊரும் சமதரை. கடலோ வெகுதூரம் வரை முழங்கால் ஆழம்தான், எட்டு வயதுப் பையனுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. வெனிஸை அடுத்த முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் மட்டும் எச்சரிக்கை. அந்தப் பக்கத்து பியாதினா ரொட்டி மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுதான் வழக்கம். ‘ஆல் ஓலியோ’ என்று கேட்டால் ஆலிவ் எண்ணெயில் செய்ததைத் தருவார்கள். தாலியாத்தெல்லே போன்ற, காய வைக்காத புதுப் பாஸ்தாவில் முட்டை இருக்கும். அம்மாவுக்குக் காய்ந்த ஸ்பாகெட்டி, தக்காளிச் சாறு, அவ்வளவுதான்.

இசார்க்கரையான்:
அம்மா நான்கு நாளும் அந்தக் கொழுப்பு ரொட்டியைத் தின்றிருப்பார், நல்லவேளை! ஆனால் ‘அடுத்த முறை’ என்று மகளிடம் நீங்களே வந்து சொல்லுங்கள் அக்கா. எனக்குத் தைரியம் இல்லை. அம்மா இன்னொரு தடவை விசா எடுத்து வருவாரா என்பதும் சந்தேகம்.

மணல்வீடு:
கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்கள். உங்கள் விஷயத்தில் இரண்டும் கிடைக்கும். லீதோ தீவைப் பார்த்தீர்களா? கடலுக்கும் வெனிஸின் காயலுக்கும் நடுவே பதினோரு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிற மணல்திட்டு. வெனிஸ் நகராட்சியைச் சேர்ந்தது, அதனால் நுழைவுக் கட்டணம் இல்லை. கார், பேருந்து எல்லாம் ஓடும். சான் மார்க்கோ சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சான் ஸக்காரியா துறைக்குப் படகில் கால் மணி நேரம். படகுத் துறையிலிருந்து நேரே ஒரு பெரிய தெரு, முடிவில் கடல். பாலமே ஏற வேண்டாம். மாலையில் பகல்கூட்டம் ரயிலேறிய பிறகு படகில் போய் நகரத்தைப் பார்க்கலாம். வெனிஸ் அப்போதுதான் வெனிஸ்.

கடற்கரையில் கூடாரம், குடை எல்லாம் வாடகை அதிகம். சான் நிக்கோலோ பக்கம் இலவசக் கரை இருக்கிறது, துண்டை விரித்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் கடைசியில் திரைப்பட விழா வந்தால் விலை ஏறிவிடும். ஜூனில் அந்தத் தொல்லை இல்லை.

இசார்க்கரையான்:
இது நன்றாயிருக்கிறதே! மூன்று கேள்வி. பெட்டிகளோடு லீதோ போவது எப்படி? படகுக்கு எவ்வளவு ஆகும்? வெனிஸுக்கு எதிரே நிலப்பக்கம் இருக்கும் மெஸ்த்ரேயில் இன்னும் மலிவாக இருக்கிறதே, அது ஏன் வேண்டாம்?

கால்வாய்க் கிறுக்கன்:
மெஸ்த்ரேயும் அதே நகராட்சிதான், ரயிலில் பத்து நிமிடம். காசு ஒன்றுதான் கணக்கு என்றால் அங்கேயே தங்குங்கள். ஆனால் மத்தியானம் அம்மாவுக்குக் கால் வலித்தால், படகு, ரயில், அப்புறம் நடை என்று திரும்ப வேண்டும். கடலும் கிடையாது.

பெட்டிக்கு: சாந்தா லூச்சியா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரிலேயே தண்ணீர். பக்கத்தில் கண்ணாடிப் படி வைத்த ஒரு புதுப் பாலம் தெரியும், 2008-ல் கட்டியது. அழகாக இருக்கிறதே என்று அம்மாவை அதில் ஏற்றிவிடாதீர்கள். படிகள் ஒரே அளவில் இருக்காது, மழையில் வழுக்கும். உங்களுக்கு அந்தப் பாலமே தேவையில்லை. அதே கரையில் இருக்கும் ஃபெர்ரோவியா துறையில் வாப்பொரெட்டோ (பேருந்து மாதிரி ஓடும் படகு) ஏறினால் நேரே லீதோ. 1-ஆம் எண் பெரிய கால்வாய் முழுக்க நின்று நின்று போகும், ஒரு மணி நேரம் ஆகும். வேடிக்கை பார்க்க அதுதான். அவசரம் என்றால் சுற்றிப் போகும் 5.1, 5.2.

ஒற்றை டிக்கெட் 75 நிமிடத்துக்கு 9.50 யூரோ. ஆறு வயதுக்கு மேல் எல்லாருக்கும் உண்டு, ஆக ஐந்து பேர் ஒருமுறை ஏறி இறங்கினால் 47.50. அதை எடுக்காதீர்கள். 72 மணி நேரச் சீட்டு 45 யூரோ, லீதோவின் பேருந்துகளிலும் செல்லும். 6 முதல் 29 வயது வரை உள்ளவர்களுக்குத் தள்ளுபடி அட்டை இருக்கிறது, பிள்ளைகளுக்கு மறக்காமல் கேளுங்கள். முதல்முறை படகு ஏறும்போது இயந்திரத்தில் தொட்டுக் காட்டுங்கள், அப்போதிருந்துதான் நேரம் ஓடும்.

பியாதினா ரசிகை:
கொண்டோலாவுக்கு மகள் அடம்பிடித்தால்: பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, நகராட்சி வைத்த விலை, படகுக்குத்தான், ஆளுக்கு அல்ல. பெரிய கால்வாயைக் குறுக்கே கடக்கிற ‘த்ராகெத்தோ’ படகு 2 யூரோ. அதுவும் கொண்டோலா மாதிரிதான். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதை மகளிடம் சொல்ல வேண்டாம். (ரிமினியை விட்டதற்கு இன்னும் கோபம்தான்.)

இசார்க்கரையான்:
ரிமினியை ரத்து செய்துவிட்டேன். லீதோவில் மூன்றே இரவு, 690 யூரோ. ஓர் இரவைக் குறைத்தோம்.

இசார்க்கரையான்:
போய் வந்தாயிற்று. வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

படிதான் பயம் என்று நினைத்தேன், படகு ஏறுவதை யோசிக்கவே இல்லை. துறை மேடையே தண்ணீரில் மிதக்கிறது, படகு வந்து இடித்ததும் அதுவும் ஆடும். படகுக்காரர் கயிற்றை இரும்புக் கட்டையில் ஒரு சுற்று சுற்றி இழுத்து, கம்பிக் கதவைத் தள்ளுகிறார். நடுவே நான்கு விரல் இடைவெளி, கீழே பச்சைத் தண்ணீர். அம்மா காலைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வரிசை. படகுக்காரர் ஒன்றும் சொல்லாமல் முழங்கையை மடக்கி நீட்டினார். அம்மா அதைப் பிடித்து ஏறிவிட்டார். மூன்றாம் நாள் எங்களுக்கு முன்னால் அவரே ஏறி இடம்பிடித்து வைத்தார்.

நகரத்தில் பாலம் ஏறியது மொத்தம் நான்கு, எண்ணினேன். ரியால்தோ பாலம் வேண்டாம் என்று படகிலிருந்தே பார்த்தார். மகன் இரண்டு நாள் காலைப்பொழுதையும் மணலில் கழித்தான். மகளுக்குத் த்ராகெத்தோ போதவில்லை. 90 யூரோ போயிற்று.

துறைமேடை:
அடுத்த மாதம் மாமியாரோடு போகிறோம். படகில் உட்கார இடம் கிடைக்குமா?

இசார்க்கரையான்:
1-ஆம் எண்ணில் காலை ஒன்பதுக்கு முன்னால் லீதோவிலேயே ஏறுங்கள், அங்கிருந்துதான் புறப்படும். பத்து மணிக்கு மேல் சான் ஸக்காரியாவில் ஏறினால் நின்றுகொண்டுதான்.