பழைய மாசி 1035 டிராக்டரில் முன்சக்கர இழுவை: போடலாமா, வேண்டாமா?

வடவாறு:
எங்கள் வயல் மன்னார்குடிக்குக் கிழக்கே, நல்ல களி. அப்பா வாங்கிய மாசி ஃபெர்குசன் 1035 இன்னும் ஓடுகிறது. சிம்சன் என்ஜினில் குறை ஒன்றும் இல்லை. சம்பாவுக்குச் சேறடிக்கும்போது மட்டும்தான் வம்பு. சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம் (கேஜ் வீல்) பின்னால் போட்டிருந்தாலும், வரப்போரத்தில் திரும்பும்போது முன் சக்கரம் உருளாமல் சேற்றைத் தள்ளிக்கொண்டே போகிறது. ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி நேரேதான் போகும். ஒருபக்கப் பிரேக்கை மிதித்து மிதித்துத் திருப்புகிறோம். பழைய வண்டி உடைக்கும் இடத்தில் நான்கு சக்கரமும் இழுக்கும் ஒரு ஃபோர் வீல் டிராக்டரின் முன் அச்சு வந்திருக்கிறது. தெரிந்த லேத்காரர் மாட்டித் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?

லேத்மணி:
தாராளமாகச் செய்யலாம் தம்பி. இது ஒன்றும் புதிய வித்தை இல்லை. 1950களிலேயே இங்கிலாந்தில் ஃபோர்ட்சன் மேஜர் டிராக்டருக்கு, போரில் மிஞ்சிய அமெரிக்க ராணுவ லாரிகளின் முன் அச்சை மாட்டி விற்றிருக்கிறார்கள். என்ஜின் நல்ல நிலையில் இருக்கும்போது வண்டியைத் தள்ளிவிட்டுப் புதுக்கடனில் மாட்டுவானேன்? முன்னாலும் இழுவை வந்துவிட்டால் அந்தச் சேற்றைத் தள்ளும் தொல்லை போய்விடும். முன் சக்கரம் தானே ஏறி, திரும்பிய பக்கம் வண்டியை இழுக்கும்.

கடைமடை:
மணி அண்ணே, ஃபோர்ட்சன் கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள். அங்கே கியர்பாக்ஸுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் சொருக, என்ஜின் இழுவையை முன் அச்சுக்கும் பிரித்துவிடும், அளவெடுத்துச் செய்த டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் ஒன்றும் கூடவே வந்தது. நம் லேத்தில் என்ன செய்வார்கள்? ஹவுசிங்கின் (பல்சக்கரங்களை மூடியிருக்கும் இரும்புக் கூட்டின்) பக்கவாட்டில் ஓட்டை போட்டுப் பல்சக்கரத்தை நுழைப்பார்கள். மாசிக்கு லாரிபோலத் தனி அடிச்சட்டம் (சேஸிஸ்) கிடையாது. என்ஜின், கியர்பாக்ஸ், நடு ஹவுசிங் மூன்றையும் போல்ட் போட்டு இணைத்ததுதான் வண்டியின் முதுகெலும்பு. வார்ப்பிரும்பில் ஓட்டை போட்டு வெல்டிங் வைத்தால், கலப்பை வேரில் மாட்டுகிற அன்றைக்கு அது விரிசல் விடும்.

வடவாறு தம்பிக்குச் சொல்கிறேன். அச்சு கிடைத்துவிட்டது என்பது கால்வாசி வேலைகூட இல்லை. முன் டயர் சிறியது, பின் டயர் பெரியது. இரண்டும் தரையில் ஒரே தூரம் போக, முன் சக்கரம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். எடுத்துக்காட்டுக்கு, பின் டயர் ஒரு சுற்றுக்கு 370 செ.மீ. போகிறது, முன் டயர் 250 செ.மீ. போகிறது என்று வையுங்கள். பின் சக்கரம் ஒரு சுற்று வரும்போது முன் சக்கரம் 1.48 சுற்று வந்தால் சரிசமம். ஆனால் சரிசமம் போதாது. முன் சக்கரம் ஒரு 3 சதவீதம் முந்திக்கொண்டு இழுக்க வேண்டும், அதாவது 1.52 சுற்று. கம்பெனி வண்டிகளில் பொதுவாக ஒன்றிலிருந்து ஐந்து சதவீதத்துக்குள் வைத்திருப்பார்கள். முந்தாமல் பின்தங்கினால் முன் அச்சு இழுக்காது, பிரேக் போலப் பிடிக்கும். அளவுக்கு மீறி முந்தினால் முன் அச்சுக்குப் போகும் ஷாஃப்டில் முறுக்கு ஏறி ஏறி ஒருநாள் பல் தெறிக்கும்.

உங்களுக்கு வந்திருக்கும் அச்சு, அதன் சொந்த வண்டியின் கியர்பாக்ஸையும் டயர் அளவையும் வைத்துக் கணக்குப் போட்டுச் செய்தது. 13.6-28 பின் டயர் ஓடிய வண்டியாக இருக்கலாம். உங்களிடம் இருப்பது அதைவிடச் சிறிய 12.4-28 தானே?

லேத்மணி:
கணக்குத் தெரியாமலா பட்டறை வைத்திருக்கிறோம்? முன் அச்சுக்கு இழுவையை இறக்கிக் கொடுக்கும் டிராப் பாக்ஸில் போடும் இரண்டு பல்சக்கரங்களின் எண்ணிக்கையை மாற்றினால் அந்த விகிதம் கைக்கு வந்துவிடும். சேற்றில் டயர் எப்படியும் வழுக்கும், ஓரிரு சதவீதம் முன்பின் இருந்தால் ஒன்றும் ஆகாது. டயர் வழுக்காத சாலைக்கு ஏறும்போது முன் இழுவையை இணைக்கும் லீவரை எடுத்துவிட்டால் போயிற்று.

சோதிக்கவும் எளிய வழி உண்டு. பின் டயரிலும் முன் டயரிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். லீவரை எடுத்துவிட்டு, பின் சக்கரம் 10 சுற்று வரும்வரை ஓட்டி, முன் சக்கரம் எத்தனை சுற்று வந்தது என்று எண்ணுங்கள். பிறகு மண்பாதையில் லீவரைப் போட்டு அதே 10 சுற்று. முதலில் 15, பிறகு 15.5 என்றால் முந்துதல் 3.3 சதவீதம். இதற்கு இன்ஜினியர் தேவையில்லை.

கடைமடை:
சோதனை சரிதான். ஆனால் அது மாட்டி முடித்த பிறகு செய்வது! தப்பாக வந்தால் மறுபடி கழற்றுவது யார் செலவில்? அப்புறம், லீவரை எடுக்க வண்டியில் எப்போதும் தம்பியேவா உட்கார்ந்திருப்பார்? வாடகை உழவுக்கு டிரைவர் போவார். வயலிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறி அடுத்த ஊர் வரை அப்படியே ஓட்டிப் போவார்.

டயரைக் கழற்றிவிட்டு முழு இரும்புச் சக்கரம் மாட்டுகிற பழக்கம் இருந்தால் இன்னொரு சிக்கல். பின்பக்கச் சுற்றளவே மாறிவிடும், நீங்கள் போட்ட பல் கணக்கு அத்தோடு போச்சு.

வடவாறு:
இல்லை அண்ணே, டயரோடு சேர்த்துப் பக்கத்தில் மாட்டும் அரைச் சக்கரம்தான். லேத்காரர் இன்னொன்றும் சொன்னார்: ஜீப் அச்சு என்றால் இன்னும் மலிவாக முடியுமாம்.

லேத்மணி:
அது மட்டும் வேண்டாம். நானே போட மாட்டேன். டிராக்டர் அச்சில் சக்கரத்தின் ஹப்புக்குப் பக்கத்திலேயே வேகத்தைக் குறைத்து முறுக்கைக் கூட்டும் கடைசிப் பல்சக்கரக் குறைப்பு இருக்கும், அதனால் அச்சுக்கு வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் வேகமாக, குறைந்த முறுக்கில் சுற்றும். ஜீப்பில் குறைப்பெல்லாம் அச்சின் நடுவில் இருக்கும் கிரவுன், பினியன் என்ற இரண்டு பல்சக்கரங்களில் மட்டும். மொத்த முறுக்கையும் ஷாஃப்டே தாங்க வேண்டும். திரும்பும் மூட்டின் சீலும் நம் சேற்றுக்குச் செய்ததில்லை. இப்போது வரும் பல ஃபோர் வீல் டிராக்டர்களில் அந்த மூட்டுக்குள் பெவல் கியர் (சாய்வுப் பல்சக்கரம்) வைத்து, எண்ணெயில் முக்கி, முழுக்க மூடியிருக்கிறார்கள். வாங்குவதானால் அந்த மாதிரி அச்சாகப் பாருங்கள்.

கடைமடை:
மணி அண்ணனும் நானும் ஒத்துப்போன இடம் இது ஒன்றுதான், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மா:
எங்களுடையது சின்னச் சின்ன வயல். ஒரு கேள்வி: வயலில் எவ்வளவு தண்ணீர் கட்டுகிறீர்கள்? மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் வரப்பு தளும்பக் கட்டி, நாள்கணக்கில் ஊறவிட்டு இறங்கினால் எந்த வண்டியும் உளையில் மாட்டும். வருஷா வருஷம் அதே களியை ஆழமாகக் கலக்கினால் அடியில் இருக்கும் இறுக்கமான தட்டும் உடையும். அந்தத் தட்டுதான் வண்டியைத் தாங்குகிறது. முன் அச்சு, ஷாஃப்ட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் கனம் கூடினால், தட்டு உடைந்த வயலில் முன்னாலும் புதையும்.

மாட்டிக்கொண்டால் பின் சக்கரத்தில் மரக்கட்டையைக் கட்டி முன்னால் ஏற்றப் பார்க்காதீர்கள். சக்கரம் சுற்ற முடியாமல் நின்றால் வண்டியே அச்சைச் சுற்றிப் பின்னால் கவிழும். ஃபோர் வீல் இருந்தாலும் இதே கதைதான். ரிவர்ஸில் வெளியே வரப் பாருங்கள், இல்லையென்றால் இன்னொரு வண்டியால் இழுங்கள்.

லேத்மணி:
அம்மா சொல்வது சரி. ஆனால் ஃபோர் வீல் இருந்தால் அந்த நிலைக்கு வருவதே குறையும் இல்லையா?

கடைமடை:
குறையும். புதிதாக ஃபோர் வீல் வாங்குகிறவரை நான் தடுக்கவே மாட்டேன். பழைய வண்டியில் ஒட்டுப்போடுவதுதான் வேண்டாம் என்கிறேன். இன்னும் யாரும் பேசாத விஷயம் ஆர்.சி. புத்தகம். அதில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. டிரெய்லரில் நெல் ஏற்றிக் கொள்முதல் நிலையத்துக்குப் போகும்போது விபத்து என்றால், இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். ஸ்டீயரிங்கும் இருக்கிறது. இழுக்கும் அச்சைப் பழைய மெக்கானிக்கல் ஸ்டீயரிங்கில் ஒரு நாள் முழுக்கத் திருப்பினால் தோள்பட்டை கழன்றுவிடும். பவர் ஸ்டீயரிங்குக்குத் தனிப் பம்ப், சிலிண்டர், ஹோஸ்.

வடவாறு:
எல்லோருக்கும் நன்றி. அச்சுக்கு முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. இன்று போய்க் கேட்டேன். அந்த வண்டியின் டிராப் பாக்ஸ், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் சிலிண்டர் எல்லாம் அங்கேயே கிடக்கிறதாம், சேர்த்தே தருகிறேன் என்கிறார்.

லேத்மணி:
அப்படியா! டிராப் பாக்ஸைத் திறந்து பற்களை எண்ணிப் போடுங்கள். முன் அச்சின் கிரவுன், பினியன் பற்களையும். கணக்கைப் பார்த்துச் சொல்கிறேன்.

கடைமடை:
அச்சு, டிராப் பாக்ஸ், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் எல்லாம் அதிலிருந்தே வந்தால் மாசியில் மிஞ்சுவது என்ஜினும் பானெட்டும்தானே. அந்த வண்டியின் என்ஜினுக்கு என்ன கோளாறு என்று கேட்டீர்களா தம்பி?