கொல்லிமலை குரூப் ரைடு: 100 சிசியும் 350 சிசியும் ஒண்ணாப் போனா வரிசை எப்படி, பிரேக் தாங்குமா?

காரவள்ளி அடிவாரம் கேட்டது:

வணக்கம் மக்களே. எங்க கிளப் அடுத்த மாசம் சேலத்துல இருந்து கொல்லிமலை போகுது. ராசிபுரம், பேளுக்குறிச்சி, காரவள்ளி வழி. 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி, அதே பாதையில இறங்கணும். மொத்தம் 12 வண்டி: நாலு 100 சிசி (முன்னும் பின்னும் டிரம் பிரேக்), ஆறு 150–160 சிசி, ரெண்டு 350 புல்லட். நாலு வண்டியில பின்னாடி ஆள் உண்டு.

இப்படிக் கலந்த கூட்டத்தை எந்த வரிசையில ஓட்டுறது? இறக்கத்துல டிரம் பிரேக் தாங்குமா? எதை எதை எத்தனை நாள் முன்னாடி பார்க்கணும்? சர்வீஸ் விட்டு எடுத்தா போதும்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அதுல திருப்தி இல்ல.

ஸ்பேனர்12 பதில்:

உங்க சந்தேகம் நியாயமானதுதான். சர்வீஸ்ல ஆயில் மாத்துவாங்க, வாட்டர் வாஷ் பண்ணுவாங்க. மலை இறக்கத்துக்கு வேண்டியதை வண்டிக்காரர்தான் பக்கத்துல நின்னு பார்க்கணும். அதையும் குறைஞ்சது ஒரு வாரம் முன்னாடி பாருங்க. புது ஷூ (டிரம் பிரேக்குக்குள்ள தேயுற பாகம்), புது பேட் (டிஸ்க் பிரேக்ல தேயுற பாகம்) போட்ட கையோட மலை ஏறக் கூடாது. டவுனுக்குள்ள நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓடினாத்தான் முழுப் பரப்பும் படிஞ்சு பிடிக்கும்.

டிரம் பிரேக்ல முதல்ல லைனர், அதாவது ஷூ மேல இருக்கிற உராய்வுப் பட்டை. ஹப் மேல பிரேக் ஆர்ம் கிட்ட சின்ன அம்புக்குறி இருக்கும். பெடலை முழுசா அழுத்தும்போது அது பிளேட்ல இருக்கிற கோட்டைத் தொட்டா ஷூ முடிஞ்சிருச்சு. இன்னொண்ணு, அழுத்திப் பிடிச்சிருக்கும்போது ஆர்முக்கும் பெடல்ல இருந்து வர்ற ராடுக்கும் நடுவுல 90 டிகிரிக்கு மேல விரியக் கூடாது. விரிஞ்சா நீங்க மிதிக்கிற பலம் முழுசா ஷூவுக்குப் போகாது. தேய்ஞ்ச ஷூவை வச்சுக்கிட்டே பின்னாடி நட்டை மட்டும் முறுக்கிட்டு வந்தா இந்த நிலைதான் வரும்.

இப்ப சொல்றதை 100 சிசிக்காரங்க எல்லாரும் கவனிங்க. ரைடுக்கு முன்னாடி எல்லாரும் செயின் டைட் பண்ணுவாங்க. அப்ப பின் சக்கரம் பின்னாடி தள்ளிப் போகும். பிரேக் ராடும் கூடவே இழுபடும், பெடல்ல இருந்த விளையாட்டு (பிரேக் பிடிக்குறதுக்கு முன்னாடி பெடல் சும்மா அசையுற தூரம்) போயிடும். அப்படியே ஓட்டினா ஷூ டிரம்மை லேசா உரசிக்கிட்டே வரும். சமதளச் சாலையில யாருக்கும் தெரியாது. மலை ஏறும்போதே டிரம் சூடாகிடும், இறங்க ஆரம்பிக்கும்போது பாதி பிரேக் போயிருக்கும். சூட்டுல டிரம் விரிஞ்சு ஷூவை விட்டு விலகும், அதனால பெடல் ஆழமாப் போகும். லைனரும் வழவழப்பாகி வழுக்கும். ஆகவே செயின் டைட் பண்ணினதும் பெடல் விளையாட்டை 20–30 மி.மீ.க்குத் திரும்ப வச்சு, சென்டர் ஸ்டாண்ட்ல போட்டு சக்கரத்தைக் கையால சுத்திப் பாருங்க. உரசாம சுத்தணும். பிரேக் லைட் சுவிட்சையும் அப்பவே சரி பண்ணிடுங்க. முன்னாடி போறவர் லைட் எரியலைன்னா குரூப்ல பின்னாடி வர்றவருக்கு ஆபத்து.

டிஸ்க் வண்டிக்கு பேட் கனத்தோட பிரேக் ஆயிலும் முக்கியம். அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 ரக பிரேக் ஆயில் கொதிக்கக் குறைஞ்சது 230 டிகிரி வேணும். ஈரம் ஏறின பிறகு அந்த வரம்பு 155 டிகிரி வரைக்கும் இறங்கலாம். கொதிச்சா ஆவிக் குமிழ் உண்டாகும், லீவர் பஞ்சு மாதிரி அமுங்கி ஹேண்டில்பாரைத் தொடும். ஆயில் மாத்தி ரெண்டு வருஷம் ஆன வண்டி எதுவானாலும் மாத்தி, ஏர் எடுத்துட்டு வரட்டும்.

இறங்கும்போது எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர். 100 சிசியில ஆளோட வந்தா பெரும்பாலும் முதல் கியரும் ரெண்டாவதும்தான். வளைவுக்கு முன்னாடி ரெண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாப் பிடிச்சு, வேகம் குறைஞ்சதும் முழுசா விட்டுடுங்க. பெடல் மேல கால வச்சுக்கிட்டே இறங்கினா ஷூவுக்கு ஆற நேரமே கிடைக்காது. பெடல் ஆழமாப் போனாலோ கருகின வாசனை வந்தாலோ ஓரமா நிறுத்தி, கை வைக்கிற சூடு வரும் வரைக்கும் ஆற விடுங்க. சூடான டிஸ்க்ல தண்ணி ஊத்த வேண்டாம், கோணிக்கும்.

கடைசி வண்டி பதில்:

பிரேக் பற்றி ஸ்பேனர் அண்ணா சொல்லிவிட்டார். நான் வரிசைக்கு வருகிறேன்.

12 வண்டியை ஒரே சரமாக ஓட்ட வேண்டாம். ஆறு ஆறாகப் பிரித்து, பத்து நிமிட இடைவெளியில் விடுங்கள். ஒவ்வொரு குழுவிலும் ரெண்டு 100, மூன்று 150, ஒரு 350. லீட், அதாவது முன்னால் வழிகாட்டிப் போகிறவர், 150-ல் வரட்டும். அவருக்கு நேர் பின்னால் ஆள் ஏற்றிய 100 சிசி, அதற்கடுத்து இன்னொரு 100, பிறகு மற்ற 150கள், கடைசியில் ஸ்வீப்பாக, அதாவது யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொண்டு வருகிறவராக, புல்லட். மெதுவான வண்டியைப் பின்னால் போட்டால் முன்னால் போகிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. லீட் வண்டி 5 கி.மீ. வேகம் கூட்டினால் கடைசி ஆள் எட்டிப் பிடிக்க 15, 20 கூட்ட வேண்டிவரும். குழுவில் இந்தத் துரத்தல்தான் ஆபத்து.

சேலம்–ராசிபுரம் நான்கு வழிச்சாலையில் மாற்று வரிசை: லீட் தன் லேனின் வலது பக்கம், அடுத்தவர் இடது பக்கம், மூன்றாமவர் மீண்டும் வலது. பக்கத்துத் தடத்தில் முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் ஒரு நொடி, அதே தடத்தில் உங்களுக்கு முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் இரண்டு நொடி. 60 கி.மீ. வேகத்தில் இரண்டு நொடி என்பது சுமார் 33 மீட்டர். ராசிபுரம் தாண்டிச் சாலை ஒடுங்கியதும் லீட் ஒரு விரலைத் தலைக்கு மேல் தூக்குவார், எல்லோரும் ஒற்றை வரிசை. குழி இடப்பக்கம் என்றால் இடது காலை நீட்டுவது, வலப்பக்கம் என்றால் வலது கால். இதெல்லாம் கிளம்பும் இடத்திலேயே ஐந்து நிமிடம் பேசிக்கொள்ள வேண்டியது.

திருப்பங்களில் யாரும் வழி தவறாமலிருக்க, லீட் காட்டும் இடத்தில் இரண்டாவது வண்டி நிற்கும். ஸ்வீப் வந்ததும் அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்ளும். ஸ்வீப்புக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது, அவரும் யாரையும் முந்தக் கூடாது. பம்ப், டூல்ஸ், முதலுதவிப் பெட்டி மூன்றும் ஸ்வீப்பிடமே இருக்கட்டும். பழுதாகி நிற்கிற வண்டியிடம் கடைசியாக வந்து சேர்வது அவர்தான்.

மலைப்பாதை பதில்:

வளைவு பத்தி மட்டும் சொல்றேன். ஏத்தத்துல முன் வண்டி வளைவைத் தாண்டி வெளிய வந்த பிறகுதான் அடுத்த வண்டி உள்ள நுழையணும். நடுவுல ஒருத்தர் ஆஃப் ஆனா பின்னாடி வர்றவர் சரிவுல கால் ஊன்ற வழியில்லாம சாய்ஞ்சிடுவார். இடது வளைவு நமக்கு உள்பக்கம், செங்குத்து அதிகம். முன்கூட்டியே கியரைக் குறைச்சுட்டு நுழைங்க, வளைவுக்குள்ள கியர் மாத்தாதீங்க. பஸ் திரும்ப முழு ரோடும் வேணும். ஹார்ன் கேட்டா வளைவுக்கு முன்னாடியே ஒதுங்கி நில்லுங்க. இறங்கும்போது ஏறுற வண்டிக்கு வழி விடணும், சட்டமும் அதுதான்.

ஒவ்வொரு வளைவுலயும் நம்பர் பலகை இருக்கு. "35 தாண்டி அகலமான இடத்துல கூடுவோம்"னு முதல்லயே முடிவு பண்ணிக்கலாம். பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல, இன்ஜினை நிறுத்தி இறங்குறவங்க இருந்தா அவங்களைக் கூட்டிப் போகாதீங்க. முழுப் பாரமும் பிரேக் மேல விழும்.

காரவள்ளி அடிவாரம்:

ரொம்ப நன்றி அண்ணா, எல்லாருக்கும். ரெண்டு சந்தேகம். செயின் விளையாட்டு எவ்வளவு வைக்கணும்? புல்லட்ல ஸ்போக் வீல், டியூப் டயர். அதுக்கு டியூப்லெஸ் பஞ்சர் கிட் ஆகுமா?

ஸ்பேனர்12 பதில்:

உங்க வண்டி மேனுவல்ல போட்டிருக்கிற அளவுதான் முதல். பெரும்பாலான ரோடு வண்டிகளுக்கு 25–35 மி.மீ.க்குள்ள வரும். கீழ்ச் செயினோட நடுவுல விரலால மேலும் கீழும் தள்ளி அளங்க. சக்கரத்தைக் கால் சுத்து, கால் சுத்தாத் திருப்பி நாலு இடத்துல பாருங்க. ஒரு இடத்துல தளர்வாவும் இன்னொரு இடத்துல இறுக்கமாவும் இருந்தா, இறுக்கமான இடத்துல அளவு வைங்க. ஆள் உட்கார்ந்தா செயின் இன்னும் இறுகும். ரொம்ப டைட்டா வச்சா கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங் அடிபடும். ஸ்ப்ராக்கெட் பல் கொக்கி மாதிரி வளைஞ்சிருந்தா செயினும் ரெண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்தே மாத்துங்க. ஓ-ரிங் செயினா (கண்ணிகளுக்கு நடுவுல ரப்பர் வளையம் வச்சது) இருந்தா பெட்ரோல் போட்டுக் கழுவ வேண்டாம், ரப்பர் கெட்டுப் போகும். மண்ணெண்ணெயில துடைச்சு, காய்ஞ்சதும் 90 கியர் ஆயில் உள்பக்கமா விட்டு, மிச்சத்தைத் துணியால எடுத்துடுங்க.

டியூப்லெஸ் கிட் டியூப் டயருக்கு ஆகாது. புல்லட்டுக்கு முன்னும் பின்னும் டயர் அளவு வேறயா இருக்கலாம், பார்த்து ரெண்டு டியூபும் எடுத்துக்கங்க. ரெண்டு டயர் லீவர், ஆக்சில் நட்டுக்குச் சரியான ஸ்பேனர், கை பம்ப், ஸ்பேர் கிளட்ச் கேபிள், ஃப்யூஸ் போதும். புது டியூபை உள்ள விடும்போது லேசா காத்தடிச்சு உருண்டையா வச்சுக்கிட்டு விடுங்க. சப்பையா விட்டா லீவர் நுனியில மாட்டிக் கிழியும். காத்தை வீட்டுலயே காலையில வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி பாருங்க. ஆள் ஏத்துற வண்டிக்குப் பின்டயர் அளவு தனியாப் போட்டிருக்கும். பல 100 சிசி வண்டியில தனியாப் போனா 28 psi, ஆளோட போனா 40 psi கிட்ட வரும். 28-லயே ரெண்டு பேர் ஏறினா வளைவுல பின்னாடி ஆடும்.