வேகமாக மலையேற எடை குறைந்த ஸ்கீ: எதை எடுக்கலாம்?

நண்பர்களே, ஸ்கீயின் அடியில் ஸ்கின் (பின்னோக்கி வழுக்காமல் பிடிக்கும் பட்டை) ஒட்டி மலையேறி, உச்சியில் அதை உரித்து மடித்துவிட்டுச் சறுக்கி இறங்கும் பழக்கம் எனக்கு நான்கு பருவங்களாக உண்டு. இப்போதிருக்கும் ஸ்கீ ஒவ்வொன்றும் 1,600 கிராம். நடு அகலம் 98 மி.மீ. புதுப் பனியில் சொகுசுதான். ஆனால் ஒரே நாளில் 2,000 மீட்டர் ஏறினால், கடைசித் திருப்பங்களில் தொடை கெஞ்சுகிறது.

அதனால் 1,000 முதல் 1,200 கிராமுக்குள், 80–85 மி.மீ. அகலத்தில் தேடுகிறேன். 65 மி.மீ. பந்தய ஸ்கீ வேண்டாம். ஏற்றத்தில் இறகுதான், இறக்கத்துக்கு என் திறமை போதாது. என் உயரம் 172 செ.மீ., எடை 68 கிலோ. பூட்ஸின் முன்பக்கத்தைச் சிறு ஊசிகளால் ஸ்கீயோடு பிடிக்கும் ‘பின்’ (pin) பைண்டிங் பொருத்துவேன்.

பெரிய பயம் காலைநேரக் கெட்டிப் பனிதான். இரவல் வாங்கிய கார்பன் ஸ்கீயில் ஒரு சரிவைக் குறுக்காகக் கடந்தபோது முனை படபடவென்று துடித்தது. விளிம்பு பனியைக் கடிக்கவே இல்லை. (விளிம்பு மழுங்கியிருந்ததோ என்னவோ, இரவல் பொருளைக் குறை சொல்லக்கூடாது.) கார்பனோடு கண்ணாடியிழையும் கலந்த ஸ்கீயில், 150 கிராம் கூடினாலும் அதிர்வு குறையுமா? நீளம் 164 செ.மீ. போதுமா, 170 வேண்டுமா?

பைண்டிங்குக்குத் துளையிட்டபின் மனம் மாறிப் பயனில்லை. இந்த எடையில் ஒரு பருவமாவது சறுக்கியவர்கள் சொல்லுங்கள்.