கோடை வார இறுதியில் அம்மாவுடன் கலை பார்க்க: ஆலோசனை வேண்டும்

குழு நண்பர்களுக்கு வணக்கம். இந்தக் கோடையில் ஒரு வார இறுதியை, முழங்கால் வலியுள்ள என் அம்மாவுடன் பெருநகரம் ஒன்றில் கழிக்கவிருக்கிறேன். கடைத்தெருக்களில் அவருக்கு நாட்டமில்லை. பழைய ஓவியங்களையும் நெசவுகளையும் அருகில் நின்று இழை இழையாகப் பார்ப்பதே அவருக்குப் பெரும் மகிழ்ச்சி.

உச்சி வெயில் நேரத்தை அருங்காட்சியகத்திலும் மாலையைத் திறந்தவெளி இசை நிகழ்ச்சியிலும் செலவிட எண்ணுகிறேன். ஆனால் காகித ஓவியங்களும் துணிகளும் வெளிச்சத்தில் நிறம் மங்கும் என்பதால், அவற்றைப் பெரும்பாலும் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவிலான குறைந்த ஒளியில்தான் காட்சிக்கு வைக்கிறார்கள். வெயிலிலிருந்து நேரே உள்ளே நுழையும் முதியவரின் கண்கள் அந்த ஒளிக்குப் பழகச் சற்று நேரமாகும். விளக்கக் குறிப்புகளின் சிறிய எழுத்துகளைப் படிப்பதும் கடினம். ஆகவே சிற்பக் கூடத்தில் சிறிது நேரம் அமர்ந்துவிட்டுப் பிறகு அந்த ஓவிய, நெசவுக் கூடங்களுக்குச் செல்வது சரியாக இருக்குமா?

பெற்றோரை இப்படி அழைத்துச் சென்றவர்கள், இருக்கை வசதியையும் சக்கர நாற்காலியையும் முன்கூட்டியே எப்படி உறுதி செய்தீர்கள் என்று சொல்லுங்கள். கூட்டம் குறைவாக இருப்பது திறந்தவுடனா, மூடுவதற்கு முந்தைய ஒரு மணி நேரமா? மழையால் மாலை நிகழ்ச்சி நின்றுபோனால் மாற்றாக எங்கே செல்லலாம் என்பதையும் எழுதினால் பேருதவியாக இருக்கும்.