கடைவரம்புக்குத் தண்ணி வரலைன்னா கேள்வித்தாள் எதுக்கு?

கடைவரம்பான்:
கன்னியாகுமரி மாவட்டத்துல, பாசனச் சானல் தண்ணி கடைசியா வந்து சேருத கடைவரம்புல பயிர் வைக்கவன் நான். எங்க ஏலாவுக்கு, அதான் வயல்வெளிக்கு, ஒரு ஆய்வுக்குழு வந்திருந்தது. பருவநிலை மாற்றத்துக்கு விவசாயி எப்படி ஈடுகொடுக்கான்னு பக்கம் பக்கமாக் கேள்வி. மழை கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா, தாத்தா காலத்துல எப்படி, வீட்டுல டிவி உண்டா, வங்கிக் கணக்கு உண்டா. எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். கடைசியில நான் ஒண்ணு கேட்டேன். ஜூன் மாசம் பேச்சிப்பாறை அணையைத் திறக்காவ, 79,000 ஏக்கருக்குப் பாசனம்னு பேப்பர்ல வருது. எனக்கு மட்டும் கன்னிப்பூ (முதல் பருவ நெல்) நாத்து காஞ்ச பொறவுதான் தண்ணி எட்டிப் பாக்கு. அதைப் பத்தி உங்க தாள்ல கேள்வியே இல்லையேன்னேன். "எழுதிக்கிடுதோம்"னு சொல்லிட்டுப் போனாவ. இந்தச் சமூக ஆராய்ச்சிக்குச் செலவாகுத காசுல சானலைத் தூர்வாரினா போதாதா? படிச்சவங்க சொல்லுங்க.

பழைய ஓவர்சீயர்:
தம்பி சொல்லுதது நூத்துக்கு நூறு. நான் சானல் பிரிவுல வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1897ல தொடங்கி 1906ல பேச்சிப்பாறையைக் கட்டி முடிச்ச இன்ஜினியர் மிஞ்சின் துரை யாருட்டயும் கேள்வித்தாள் நீட்டல. பரளியாத்துக்கு மேல 115 அடி உயரத்துல மாத்தூர் தொட்டிப்பாலத்தைக் கட்டித் தண்ணியைத் தாண்ட வச்சதும் பொறியியல்தான். இன்னைக்கு வேண்டியது மூணு: சானலுக்குள்ள கான்கிரீட், உடைஞ்ச ஷட்டருக்குப் புது ஷட்டர், கரையில ஆக்கிரமிப்பு அகற்றல். ஒக்கிப் புயலுக்குப் பிறகு மழை பெய்யுத விதமே மாறிப்போச்சு. 2021 நவம்பர்ல பாத்தோம், 2023 டிசம்பர்ல பாத்தோம், மாசக்கணக்குல பெய்ய வேண்டியது ரெண்டு நாள்ல கொட்டுது. அதைப் பிடிச்சு வைக்க வழியில்லாம அத்தனையும் கடலுக்கு வீணாப் போகுது. இதுல கருத்துக்கணிப்பு எடுத்து என்ன ஆகப்போகுது?

சானல்கரை:
நான் அந்தக் குழுவுல இல்ல, ஆனா என் படிப்பும் அதேதான். அண்ணே, உங்க ஏலாவுக்கு வந்த கேள்வித்தாள் மோசமானது, அதை நான் காப்பாத்தப் போறதில்ல. ஆனா நீங்க கடைசியில கேட்டீங்களே, அதுதான் சமூக அறிவியல் கேக்க வேண்டிய முதல் கேள்வி. அணை நிரம்பின வருஷத்துலயும் கடைவரம்பு காயுதுன்னா அது மழைக் கணக்கா? மடையை யார் திறக்கா, ராத்திரி யார் அடைக்கா, யாரை யாரும் தட்டிக் கேக்க முடியல, அந்தக் கணக்குல்லா?

ஓவர்சீயர் சார் கான்கிரீட் போடணும்கிறார். எலினோர் ஆஸ்ட்ரோம், 2009ல பொருளாதார நோபல் வாங்கினவங்க, அவங்களும் கூட இருந்தவங்களும் நேபாளத்துல நூத்துக்கணக்கான பாசனக் கால்வாய்களை ஒப்பிட்டுப் பாத்தாங்க. கல்லும் மரக்கிளையும் வச்சு விவசாயிகளே கட்டின தடுப்பணையில கடைவரம்புக்கு ஓரளவு தண்ணி போச்சு. அரசு நிரந்தரமாக் கட்டிக் கொடுத்த பல இடங்கள்ல தலைமடைக்குத் தண்ணி தாராளம், கடைவரம்பு காஞ்சது. காரணம் எளிசு. அந்தத் தடுப்பு வருஷாவருஷம் உடையும். அதைக் கட்ட கடைவரம்புக்காரன் கையும் வேணும், அதனால அவன் பங்கை மறுக்க முடியாது. கான்கிரீட் வந்ததும் தலைமடைக்காரனுக்கு அவன் தயவு தேவைப்படல. ஆள் யார்னு பாக்காம கான்கிரீட் போட்டா, நீங்க உறுதிப்படுத்துறது சுவரை மட்டுமில்ல.

பழைய ஓவர்சீயர்:
பிள்ளே, நேபாள மலையில நாலு ஊர் சேர்ந்து வெட்டின வாய்க்கால் வேற, கோதையாறு பாசன அமைப்பு வேற. இங்க பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, ரெண்டு சித்தாறு, புத்தன் அணைன்னு பல அணை, அதுகள்ல இருந்து பிரியுத சானல்கள், வழியெல்லாம் குளம். ஒரு குளம் நிறைஞ்சு மறுகால் பாஞ்சாத்தான் அடுத்த குளத்துக்குப் போகும். இதை ஊர்க்கூட்டம் போட்டு நடத்த முடியாது. ஆஸ்ட்ரோம் அம்மா இங்க வந்து ஒரு ஷட்டர் திருப்பிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

நாஞ்சில் பெருமை:
ஏன் நேபாளத்துக்குப் போறீங்க? நம்ம முன்னோர் குடிமராமத்து பண்ணி ரெண்டாயிரத்துக்கு மேல குளங்களைக் காப்பாத்தினாங்க. ஊர் ஒண்ணாக் கூடித் தூர்வாரும். அந்த ஒற்றுமை போனதுதான் காரணம். பழையபடி ஊர் கையில ஒப்படைச்சா எல்லாம் சரியாகும்.

மண்சுமந்தவன் பேரன்:
ஊர் ஒண்ணாக் கூடித் தூர்வாருச்சா? யார் கூடினா, யார் கரையில குடை பிடிச்சு நின்னா, அதையும் சொல்லும். இது 1949 வரை திருவிதாங்கூர் சமஸ்தானம். கூலியில்லாம வேலை வாங்குததுக்கு இங்க ஊழியம்னு பேரு. எங்க பாட்டன் சுமந்த மண்ணுக்கு உங்க பெருமைக் கணக்குல என்ன விலை? குளத்துல சகதி எடுத்தவனுக்குக் குளத்துக்குக் கீழ ஒரு சென்ட் வயல் கிடையாது. அந்த "ஊர் கையில" திரும்ப ஒப்படைக்கச் சொன்னா நான் வரமாட்டேன், ஜேசிபியே வரட்டும். அதுக்குச் சாதி தெரியாது.

சானல்கரை:
பேரன் சொன்னது ஆய்விலும் பதிவான விஷயம். டேவிட் மோஸ்னு ஒரு மானிடவியலாளர், ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கக் கண்மாய்களைப் பல வருஷம் ஆராய்ஞ்சவர், இதையேதான் காட்டினார். கண்மாய் நிர்வாகம் தனியா நின்னதில்ல. அதிகாரமும் சாதி மரியாதையும் எப்படி ஓடுச்சோ அப்படித்தான் தண்ணியும் ஓடுச்சு. 2000ல வந்த பாசன மேலாண்மைச் சட்டத்தையும் பாருங்க. சங்கத்துல ஓட்டு நிலத்துக்காரருக்கு. பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்துப் பயிர் வைக்கிறவர், புருஷன் பேர்ல பட்டா உள்ள பெண், களை பறிக்கிறவங்க எல்லாரும் வெளியேதான். குடிமராமத்தை 2017ல அரசு திரும்பக் கொண்டு வந்தப்பவும், சங்கத்துப் பேரை முன்னால வச்சு ஒப்பந்தக்காரர் வேலை எடுக்கார்னு பல மாவட்டங்கள்ல புகார் வந்தது.

ஆனா ஜேசிபிக்குச் சாதி தெரியாதுங்கிறதை என்னால ஏத்துக்க முடியல. எந்தக் குளத்துல முதல்ல இறங்கணும்னு ஜேசிபியா முடிவு பண்ணுது?

பிளாட்டு வாசி:
எல்லாரும் வயல் வயல்னு பேசுதியோ. வயலை நிரப்பி வீடு வச்சவன்ல நானும் ஒருத்தன். கூலிக்கு ஆள் கிடையாது, நெல்லுக்கு விலை கிடையாது. யார் நஷ்டத்துல நடுவா? வித்தவர் சந்தோஷமா வித்தார்.

கடைவரம்பான்:
நீரு சந்தோஷமா வாங்கினீரு, சரி. உம்ம வீட்டுக்கு அடியில போன ஓடையைத்தான் நான் இன்னும் தேடுதேன்.

நானே பாதி நிலத்துல ஏத்தன் வாழை போட்டாச்சு. அதையும் அந்தக் குழு கேட்டுது. "பயிர் மாத்தியிருக்கேன்"னு சொன்னதும் ஒரு டிக் போட்டாவ. மழைக்காக மாத்தலைய்யா, நடவுக்கு ஆள் வராததுனால மாத்தினேன்னு சொல்ல வாயெடுக்கதுக்குள்ள அடுத்த கேள்வி.

சானல்கரை:
அந்த ஒரு டிக்தாண்ணே அறிக்கையில "விவசாயிகள் பருவநிலைக்கேற்பப் பயிரை மாற்றித் தகவமைத்துக்கொண்டுள்ளனர்"னு வரும். 2017 நவம்பர் 30 அன்னைக்கு ஒக்கி அடிச்சதுல முதல்ல சாஞ்சது வாழையும் ரப்பரும். பயிரைப் புயலுக்கு முன்னால கூடுதல் ஆபத்துல கொண்டு நிறுத்தினதை வெற்றிக்கணக்குல எழுதுவாங்க. கோபம் வரத்தான் செய்யும். ஆனா அது ஆய்வே வேண்டாங்கிறதுக்குக் காரணம் ஆகாது.

மணக்குடிக்காரி:
இவ்வளவு பேசியும் கடலோரம்னு ஒண்ணு இருக்கது யாருக்கும் ஞாபகம் வரல. பழையாறு எங்க ஊர்லதான் கடல்ல விழுது. மேல எல்லாரும் எடுத்தது போக மிச்சம், சாக்கடையோட சேர்ந்து வருது. கோடையில அதுவும் இல்ல. ஆத்துல நல்ல தண்ணி குறையக் குறைய உப்பு மேல ஏறும், எங்க கிணறு உவர்ப்பாகும். ஓவர்சீயர் சார், கடலுக்குப் போகுத தண்ணி வீண்னு சொன்னியளே, காயலுக்கும் மீன்குஞ்சுக்கும் அது வேணும். எங்க கிணத்துக்கும் வேணும்.

ஆய்வு பண்ணுதவங்களுக்கும் ஒண்ணு. வீட்டுக்கு வந்தா "குடும்பத் தலைவர் இருக்காரா"ன்னு கேக்காதியோ. அவரு கடல்ல இருப்பாரு. குழாய்ல எத்தனை நாளைக்கு ஒருக்க தண்ணி வருதுன்னு அவருக்குத் தெரியவும் செய்யாது. குடம் வச்சுக் காத்து நிக்கது நாங்க.

பழைய ஓவர்சீயர்:
மழைக்கால வெள்ளத்தைத்தான் சொன்னேன் அம்மா, கோடை ஓட்டத்தை இல்ல. வெள்ளத்துல கொஞ்சம் பிடிச்சு வச்சாத்தானே கோடையில ஆத்துக்கும் விட முடியும்.

கடைவரம்பான்:
சரி, நான் ஒண்ணு கேக்கேன். தங்கச்சி, நீங்க எங்க ஏலாவுக்கு வந்தா என்ன ஆய்வு பண்ணுவிய?

சானல்கரை:
கேள்வித்தாள் கொண்டு வரமாட்டேன். தலைமடை, நடு, கடைவரம்பு மூணு இடத்துலயும் ஒரு பூ (பருவம்) முழுக்க, நாத்துப் பாவுறதுல இருந்து அறுப்பு வரை, தண்ணி எவ்வளவு வந்ததுன்னு தினம் குறிப்பேன். கூடவே அன்னைக்கு ஷட்டர்ல யார் கை வச்சது, யார் யாருக்குப் போன் போட்டது, எந்த நிலத்துக்காரர் எந்தப் பயிருக்குத் தண்ணி கேட்டார்னும் எழுதுவேன். தண்ணி விடுறதுல வாழைக்கு ஒரு முறை, தென்னைக்கு வேற முறை, நெல்லுக்கு இன்னொரு முறை. மூணும் ஒரே சானல்ல கலந்து கிடக்கும்போது ஆளுக்கு ஒரு முறை வச்சுத் தண்ணி விட்ட பழைய முறைப்பாசனம் எங்க அறுந்ததுன்னு அப்பத்தான் தெரியும்.

பழைய ஓவர்சீயர்:
தண்ணி அளவைக் குறிக்கப் பட்டம் வேண்டாம். சானல்ல கேஜ் ரீடிங் எடுத்துப் பதிவேட்டுல எழுதுதது எங்க காலத்துல இருந்தே உள்ளது. ஆபீஸ்ல கேட்டா இருக்கும்.

கடைவரம்பான்:
அதை எங்க ஊர் டீக்கடைச் சுவர்ல ஒட்டலாமா சார்?

பழைய ஓவர்சீயர்:
ஒட்டினா மறுநாள் காலையில சானல் கரையில அடிதடிதான்.

மண்சுமந்தவன் பேரன்:
இப்பவும் அடிதடிதான். ராத்திரி நடக்கதுனால உங்க பதிவேட்டுல வரல.

கடைவரம்பான்:
தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடப்போறேன். பத்து ரூபாதானே. வந்ததும் இங்க போடுதேன், தங்கச்சி கணக்குப் பாத்துச் சொல்லட்டும்.

பழைய ஓவர்சீயர்:
மனுவுல சானல் பேரு, கிளை, மடை எண், எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைன்னு தெளிவா எழுதும். "எங்க ஊர் சானல்"னு மொட்டையா எழுதினா திருப்பி அனுப்பிருவாவ.