ப்ளூ ஸ்கிரீனே வராமல் ரீஸ்டார்ட் ஆகும் அசெம்பிள்டு பிசி – புது ரேம் வாங்கலாமா?

சத்துவாச்சாரி_மாடிவீடு:
வணக்கம். ரைசன் 5 5600 ப்ராசஸர், பி550 மதர்போர்டு, டிடிஆர்4 3200 ரேம் 8+8 ஜிபி, ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் (பிசிக்குள்ள கரண்ட் தர்ற பெட்டி), 600 விஏ யுபிஎஸ். பார்ட்ஸ் வாங்கி வீட்டிலேயே மாட்டினது. கேம் ஓடும்போது ஸ்கிரீன் பட்டுனு கறுத்து ரீஸ்டார்ட் ஆகுது. எப்பவாவது ப்ரௌசர் மட்டும் திறந்திருந்தாலும் ஆகுது. மதியத்துலதான் அதிகம். ரூம் மொட்டை மாடிக்கு நேர் கீழ. கேபினெட்டைத் தொட்டா சுருக்குனு இழுக்குது. விண்டோஸ் புதுசா போட்டும் அப்படியேதான். ரேம் மாத்தலாமா?

பாலாற்றங்கரை:
காசை இப்ப செலவு பண்ணாதீங்க தம்பி. ஈவென்ட் வியூவர் (விண்டோஸ் தன் பதிவுகளைக் காட்டுற இடம்) திறந்து விண்டோஸ் லாக்ஸ், அதுக்குள்ள சிஸ்டம் போங்க. ரீஸ்டார்ட் ஆன நேரத்துல கெர்னல் பவர் 41-னு ஒரு பதிவு இருக்கும். 41 வெறும் அறிவிப்புதான், ஒழுங்கா ஷட்டவுன் ஆகலைன்னு மட்டும் சொல்லும். டீடெய்ல்ஸ்ல ‘பக்செக் கோடு’, அதாவது க்ராஷ் ஆன காரணத்தோட எண், என்னன்னு பாருங்க. 0 இருந்தா பிழையை எழுதி வைக்கக்கூட விண்டோஸுக்கு நேரம் கிடைக்கலைன்னு அர்த்தம். பெரும்பாலும் கரண்ட் பக்கம். வேற எண் இருந்தா அது டெசிமல் (சாதாரண பத்தடி எண்), ஹெக்ஸுக்கு (பதினாறடி எண்) மாத்தித் தேடணும். 292 வந்தா 0x124, ஹார்டுவேர் பிழை.

கோட்டை_மதில்:
ரேமையும் சும்மா விட்டுடக் கூடாது. பயாஸ்ல (ஆன் பண்ணதும் வர்ற போர்டு செட்டிங்) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமைக் கூடுதல் வேகத்துல ஓட்டுறதை, ஆஃப் பண்ணி ரெண்டு நாள் ஓட்டுங்க. ரேம் குச்சிகள் ப்ராசஸர்ல இருந்து எண்ணினா 2, 4-வது ஸ்லாட்டுல இருக்கணும். மெம்டெஸ்ட்86-னு ரேமைச் சோதிக்கிற ப்ரோக்ராம் நாலு பாஸ் (சுற்று) முழுசா ஓடணும், ஒரே ஒரு எரர் வந்தாலும் ஃபெயில்தான். அப்புறம் ஒவ்வொரு குச்சியா தனியா போட்டுப் பாருங்க.
கத்திரி வெயில்ல எல்லாரும் ப்ராசஸர் சூட்டைத்தான் சந்தேகப்படுவாங்க. 5600-க்கு எல்லை 90 டிகிரி. அதை நெருங்கினா முதல்ல வேகத்தைத்தான் குறைச்சுக்கும், உடனே ரீஸ்டார்ட் ஆகாது. எஸ்எம்பிஎஸ் அடியில இருக்கிற தூசி வலையைக் கழட்டிக் கழுவிடுங்க.

மின்கம்பி_காட்பாடி:
சுருக்குனு இழுக்குதுன்னு போற போக்குல சொல்லிட்டீங்க. எனக்கு அதுதான் பெரிய விஷயம். எஸ்எம்பிஎஸ் ஃபில்டர்ல இருக்கிற சின்ன கெப்பாசிட்டர்கள் கேபினெட்டுக்கு லேசா கரண்ட் கசிய விடும், எர்த் அதை இழுத்துக்கணும். எர்த் இல்லேன்னா பாதி வோல்டேஜ் இரும்புலயே நிக்கும். எலக்ட்ரீஷியனை வெச்சு, பிசி மாட்டியிருக்கும்போதே அதே சுவிட்ச் போர்டுல மல்டிமீட்டர் வைங்க: ஃபேஸ்–நியூட்ரல் 230 ஒட்டி, ஃபேஸ்–எர்த்தும் ஏறக்குறைய அதே, நியூட்ரல்–எர்த் 2, 3 வோல்ட்டுக்குள்ள.
அடுத்து யுபிஎஸ். 600 விஏன்னா கிட்டத்தட்ட 360 வாட்ஸ்தான். 3060 மட்டும் 170, ப்ராசஸர் 76 வரை, போர்டு, மானிட்டர் எல்லாம் சேர்ந்தா விளிம்புக்கே வந்துடும். மதியம் தெருவுல ஏசி ஓடி வோல்டேஜ் இறங்கினா யுபிஎஸ் ‘டக்’குனு பேட்டரிக்கு மாறும். பல யுபிஎஸ் தர்றது சைன் அலை இல்லை, படிப்படியான அலை. ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீரா இழுக்கிற சர்க்யூட்) உள்ள எஸ்எம்பிஎஸ் சிலது அதைத் தாங்காம கட் ஆகிடும். கேம் ஓடும்போது சுவத்து சுவிட்சை அணைச்சுப் பாருங்க. ப்ளக்கை உருவாதீங்க, உருவினா எர்த்தும் போயிடும்.

சத்துவாச்சாரி_மாடிவீடு:
பக்செக் கோடு எல்லாத்துலயும் 0. ஃபேஸ்–நியூட்ரல் 231, ஃபேஸ்–எர்த் 123, நியூட்ரல்–எர்த் 108. சுவிட்சை அணைச்சதும் ஒரு நொடிகூட நிக்கலை, ரீஸ்டார்ட். சும்மா இருக்கும்போது அணைச்சா சில தடவை தாங்குது.

மின்கம்பி_காட்பாடி:
108-ன்னா உங்க சுவிட்ச் போர்டுக்கு எர்த் வரவே இல்லை. சுவிட்ச் பாக்ஸ்ல பச்சை ஒயர் கழண்டிருக்கா, இல்ல எர்த் குழிகிட்டயே அறுந்திருக்கான்னு எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும். குழி காஞ்சிருந்தா கோடை முழுக்க வாரம் ஒரு குடம் தண்ணி ஊத்துங்க. அது சரியான பிறகு யுபிஎஸ்ஸைத் தாண்டி நேரா சுவத்துல ஒரு வாரம் ஓட்டுங்க. ரீஸ்டார்ட் ஆகுறது நின்னுட்டா 1000 விஏ அல்லது அதுக்கு மேல, சைன் வேவ் யுபிஎஸ்ஸா வாங்குங்க.

கோட்டை_மதில்:
நேரா ஓட்டியும் வந்தா, ப்ராசஸருக்குப் போற 4+4 பின் கேபிளை அழுத்திப் பாருங்க, கொக்கி ‘க்ளிக்’னு விழணும். வேற எஸ்எம்பிஎஸ் மாத்திச் சோதிச்சா அதோட கேபிளையே போடுங்க. கேபிள் பின்களோட வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மாத்திப் போட்டா மதர்போர்டே எரிஞ்சுடும்.